ஏரிக்கரைக் காட்டைக் காக்கப் பணம் திரட்டுவது எப்படி? பழவேற்காடு, தடா பக்கத்துச் சிறு குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

அலையாத்தி நட வேண்டும், ஆமை முட்டையை நாயிடமிருந்து காக்க வேண்டும், மணல்மேட்டைச் சுரண்டுகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று ஊரில் பத்துப் பேர் ஒன்றுசேர்வது கடினமான காரியமில்லை. அடுத்த கூட்டத்திலேயே "சரி, காசு?" என்று யாராவது கேட்பார்கள். அங்கிருந்துதான் அலைச்சல் ஆரம்பம். பான் கேட்டால் பதிவுச் சான்று கேட்பார்கள், நன்கொடை கேட்டால் 80ஜி என்ற வரிச்சலுகைச் சான்றைக் கேட்பார்கள், 80ஜி கேட்டால் செய்த வேலையின் கணக்கைக் கேட்பார்கள். ஒவ்வொரு தாளும் இன்னொரு தாளின் முதுகில் ஏறி நிற்கிறது. எது முதலில், எது பிறகு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு தமிழ்நாட்டுப் பக்கம். தடா, சூளூர்பேட்டை ஆந்திரப் பக்கம். ஏரி ஒன்றுதான், அலுவலகங்கள் இரண்டு மாநிலத்தில். எல்லையோர ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்களை அங்கங்கே சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

1. நிலம் யாருடையது என்று பாருங்கள்

பணம் கேட்கும் முன் சர்வே எண் கையில் இருக்க வேண்டும். எந்த நிதி கொடுப்பவரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இடத்தில்?" என்பது. "முகத்துவாரத்துக்குத் தெற்கே, பழைய படகுத்துறைக்குப் பக்கத்தில்" என்ற பதில் அங்கே செல்லாது.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் நிலத்தின் வகையை ஏ பதிவேட்டிலும், எல்லையைப் புல வரைபடத்திலும் பாருங்கள். இரண்டையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். ஆந்திரப் பக்கம் என்றால் மீபூமி என்ற அரசின் நிலப்பதிவுத் தளத்தில் 1-பி (உரிமைப் பதிவு), அடங்கல் இரண்டையும் எடுங்கள். அவை தெலுங்கில் இருக்கும். நிதி கேட்டுக் கம்பெனிக்கு மனு போடும்போது மொழிபெயர்ப்பும் கேட்பார்கள் என்பதால் அப்போதே ஒரு பிரதி தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடத்தில் மாநில எல்லைக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சேற்றில் அந்தக் கோடு தெரியாது, கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில்தான் தெரியும்.

நிலம் பட்டாவாக இருக்கலாம், வருவாய்ப் புறம்போக்காக இருக்கலாம், காப்புக்காடாகவோ பறவைகள் சரணாலயமாகவோ இருக்கலாம். பழவேற்காடு ஏரி இரண்டு மாநிலத்திலும் சரணாலயம். சரணாலய எல்லைக்குள் என்றால் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அந்தந்த மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் அங்கே வேலை தொடங்க முடியாது. மனு ரேஞ்சர் அலுவலகம் வழியாக மேலே போகும். ஆந்திரப் பக்கத்துக்குச் சூளூர்பேட்டையில் வனஉயிரினக் கோட்ட அலுவலகம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டை மறந்துவிடுங்கள், அது விண்வெளித் துறையின் வேலிக்குள் இருக்கிறது.

பங்குனி ஆமையின் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்க விரும்பும் குழுக்கள் கவனியுங்கள். அது வனஉயிரினச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில், அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், வரும் உயிரினம். நல்லெண்ணத்தில் தொட்டாலும் வழக்கு வரலாம். இந்த வேலையை வனத்துறையோடு சேர்ந்து, எழுத்தில் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு பொறி: காவல் கொட்டகை, பார்வை மேடை என்று சிமெண்டில் எதையும் திட்டத்தில் எழுதாதீர்கள். அலையாத்திக் காடும் மணல்மேடும், கடற்கரைக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியின் முதல் வகையில் வருகின்றன. 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டரும் பாதுகாப்பு வளையம். ஒரு கொட்டகைக்காக மொத்த மனுவும் அந்த விதியின் அனுமதிக்குப் போய் உட்கார்ந்துவிடும். பனையோலைப் பந்தல் போதும்.

வனத்துறையிடமிருந்து உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கக் கடிதம்: இந்தச் சர்வே எண்ணில், இன்ன வேலையை, இந்தக் குழு செய்வதில் ஆட்சேபணை இல்லை. இது வாரக்கணக்கில் வராது, மாதக்கணக்கில்தான் வரும். அதனால்தான் இதை முதல் வேலையாக வைத்தேன். மனுவைக் கொடுத்ததும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதிகாரி மாறிப்போனால் உங்களைக் காப்பாற்றுவது அந்த நகல்தான்.

2. ஊர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

வெளியூரிலிருந்து வருகிற அமைப்புகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நாம் ஊர்க்காரர்கள்தானே என்று நாமும் தாண்டிவிடுவோம். இரண்டும் வம்பு.

ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற முறைவைக்கும் வழக்கம் தீர்மானிக்கிறது. நீங்கள் வேலி போட நினைக்கும் சேற்றுத்திட்டு யாரோ ஒருவருடைய பாடாக இருக்கும். கையால் இறாலும் நண்டும் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு, ஆந்திரப் பக்கம் யானாதிப் பெண்களுக்கு, அந்தச் சேறுதான் அன்றைய கூலி. ஊர்ப் பஞ்சாயத்தில் இவர்கள் பெரும்பாலும் உட்காருவதில்லை. எனவே நாட்டார் எனும் ஊர்த் தலைவர்களின் கூட்டத்தில் ஒரு முறை, அவர்கள் குடியிருப்பில் தனியாக ஒரு முறை பேசுங்கள். நிதி கொடுப்பவர் நேரில் வந்து பார்க்கும் நாளில் அவர்களிடம்தான் முதலில் கேட்பார், "உங்களுக்குத் தெரியுமா?" என்று.

ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானம் ஒன்று, கிராமசபைத் தீர்மானம் ஒன்று, இரண்டும் வேண்டும். முன்னது ஊரில் செல்லும், பின்னது அலுவலகத்தில் செல்லும். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு தேதியைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். தீர்மானத்தில் சர்வே எண், வேலை, குழுவின் பெயர் மூன்றும் வரட்டும். "மரம் நடத் தீர்மானிக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதிய தீர்மானத்தால் ஒரு பயனும் இல்லை. தடா பக்கம் என்றால் தேதிகளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. சங்கமா, அறக்கட்டளையா?

இரண்டிலும் பணம் வாங்கலாம். அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதிப் பதியலாம். ஆள் குறைவு, வேலை சீக்கிரம் முடியும், அதிகாரம் இரண்டு மூன்று பேர் கையில் இருக்கும். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், ஆந்திராவில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் ஏழு பேர்தான் குறைந்தபட்சம். சங்கத்துக்கு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும். போகாமல் இரண்டு வருடம் விட்டால் அபராதம் கட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதி, அப்புறம்தான் எந்தச் சான்றும் கிடைக்கும்.

என் கருத்து: ஊர்ச் சொத்து சம்பந்தப்பட்ட வேலைக்குச் சங்கம்தான் சரி. மூன்று பேர் அறக்கட்டளை வைத்துக்கொண்டு ஏரியைப் பற்றிப் பேசினால் ஊர் நம்பாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் விதிமுறைகளில் நான்கு வாசகங்கள் முதலிலேயே இருக்கட்டும். பிறகு திருத்தப் போனால் திரும்பவும் பொதுக்குழு, திரும்பவும் பதிவாளர். ஒன்று, நோக்கத்தில் "சுற்றுச்சூழல், காடு, வனஉயிரினப் பாதுகாப்பு" என்று நேராக எழுதுங்கள். வருமான வரிச் சட்டம் அறப்பணி என்று ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இது இருக்கிறது. "சமூக சேவை" என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும். இரண்டு, லாபமோ சொத்தோ உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படாது. மூன்று, அமைப்பு கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போகும். நான்காவது எல்லைக்காரர்களுக்கானது: செயல்படும் பகுதி "இந்தியா முழுவதும்" என்று இருக்கட்டும். திருவள்ளூர் மாவட்டம் என்று மட்டும் எழுதிவிட்டு தடாவில் வேலை செய்தால் தணிக்கையில் இடிக்கும்.

அடுத்தது பெயர். ஆந்திர ஆதாரில் வீட்டுப்பெயர் முன்னால் விரிந்து நிற்கும், தமிழ்நாட்டு ஆவணத்தில் அப்பா பெயரின் இனிஷியல் மட்டும் இருக்கும். ஒரே ஆள், இரண்டு பெயர். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பதிவுக்கு முன்பே பாருங்கள். பொருந்தாதவரைத் திருத்திவிட்டு வரச் சொல்லுங்கள், அல்லது வேறொருவரைப் பொறுப்பில் போடுங்கள். கூச்சம் பார்க்காதீர்கள், டிஜிட்டல் கையொப்பம் எடுக்கும் நாளில் இதற்காகத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

4. தாள்களை இந்த வரிசையில் வாங்குங்கள்

பதிவுச் சான்று வந்ததும் அமைப்பின் பெயரில் பான் அட்டை. நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகும், ஓரிரு வாரத்தில் வரும். அதை வைத்து வங்கிக் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று தீர்மானம் போட்டுத் தொடங்குங்கள். தனிநபர் கணக்கிலோ யாராவது ஒருவரின் கைபேசிச் செயலியிலோ ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

அடுத்தது 12ஏ, 80ஜி. முன்னது அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு, பின்னது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை. இரண்டுக்கும் இணையத்தில்தான் மனு, அரசுக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் ஆடிட்டர் கட்டணம். சிறு சங்கத்துக்கு ஆண்டு முழுக்கப் பெரிய செலவே அதுதான், எனவே முதலிலேயே பேசி ஒரு தொகையில் முடித்துக்கொள்ளுங்கள். புதிய அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். இது ஒரு மாதம் போலத்தான் ஆகும். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மூன்று ஆண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. முறையான பதிவுக்கான மனுவை, தற்காலிகம் முடிய ஆறு மாதத்துக்கு முன்போ, வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது போட வேண்டும். முதல் நாற்று நட்ட தேதியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையான பதிவு வர ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம், அதற்குள் வேலையின் படங்கள், ரசீதுகள், கணக்கு எல்லாம் கேட்பார்கள்.

புதிய வருமான வரிச் சட்டம், 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன. ஆனாலும் எல்லாரும் 12ஏ, 80ஜி என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்; நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். மனு போடும் நாளில் நடப்பிலுள்ள படிவம் எது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தொண்டு அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்ப்பண் தளத்தில் பதிவு. இலவசம். அரசு மானியம் எதற்கும் அந்த எண் வேண்டும். கடைசியில் சிஎஸ்ஆர்-1 படிவம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) வாங்க 2021 ஏப்ரலிலிருந்து இந்த எண் கட்டாயம். இதற்குத் தலைவர் அல்லது செயலாளரின் டிஜிட்டல் கையொப்பமும் ஆடிட்டரின் சான்றும் வேண்டும்.

"எல்லாவற்றையும் பத்து நாளில் முடித்துத் தருகிறேன், வரும் நிதியில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று ஒரு தரகர் கட்டாயம் வருவார். எங்களிடமும் வந்தார். நிதியில் பங்கு கொடுப்பதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? எழுத முடியாது. அதோடு அவரை அனுப்பிவிடுங்கள்.

5. முதல் மூன்று ஆண்டு சின்னக் காசு

சிஎஸ்ஆர் விதிப்படி, வெளி அமைப்பு ஒன்றுக்குக் கம்பெனி பணம் கொடுக்க வேண்டுமென்றால் அந்த அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டியதில்லை, அந்த மூன்று ஆண்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

உறுப்பினர் சந்தா, ஊர்த் திருவிழாக் கணக்கிலிருந்து ஒரு பங்கு, கும்மிடிப்பூண்டியில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளின் மாதம் நூறு ரூபாய். இதில் ஒரு சின்ன நாற்றங்கால், விதை சேகரிப்பு, ஆமைக் காலத்தில் இரவு ரோந்துக்கு டார்ச்சும் டீயும். தொகை முக்கியமில்லை, ரசீது முக்கியம். தொடர் எண்ணுள்ள ரசீதுப் புத்தகம், மினிட்ஸ் புத்தகம், ரொக்கப் புத்தகம், ஆண்டுத் தணிக்கை. மூன்று ஆண்டு கழித்து ஒரு கம்பெனி கேட்கும்போது காட்ட மூன்று தணிக்கை அறிக்கை இருந்தால், அதில் மொத்தம் 60,000 ரூபாய்தான் இருந்தாலும் மதிப்பு உண்டு.

80ஜி கைக்கு வந்ததும் மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்குச் சலுகை இல்லை. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. புதிய முறைக்குப் போனவரிடம் ஆசைகாட்டாதீர்கள். நன்கொடையாளர் பட்டியலை ஆண்டு முடிந்து மே 31-க்குள் வரித்துறைக்கு ஏற்ற வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். சின்னச் சங்கத்தின் மொத்த வசூலையும் இந்த அபராதமே தின்றுவிடும்.

6. யாரிடம் கேட்பது

அரசுத் திட்டங்களில் பணம் இருக்கிறது, ஆனால் உங்கள் கணக்குக்கு வராது. மிஷ்டி என்ற மத்திய அரசின் அலையாத்தித் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. ஐந்து ஆண்டில் நாடு முழுக்க சுமார் 540 சதுர கிலோமீட்டர் இலக்கு. தமிழ்நாட்டில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் இருக்கின்றன. இவற்றின் நிதி வனத்துறை வழியாகத்தான் செலவாகும். எனவே ரேஞ்சரிடம் போய் "நிதி கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "நாற்றங்காலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வாய்க்கால் வெட்ட எங்கள் ஊர் ஆட்களை எடுங்கள், காவலுக்கு இருவரைப் போடுங்கள்" என்று கேளுங்கள். கூலி ஊருக்கு வரும், அனுபவம் உங்கள் பெயரில் சேரும், முன்பு சொன்ன ஆட்சேபணையின்மைக் கடிதமும் சுலபமாகும். உள்ளாட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தால் அதில் உறுப்பினராகுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் இடத்தின் பறவை, மீன், செடி எல்லாம் ஏறினால் அதுவே பிற மனுக்களுக்குச் சான்று.

சிஎஸ்ஆர்தான் உண்மையில் கைக்கு எட்டும் பெரிய பணம். நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ எட்டிய கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தடாவுக்குப் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழில்நகரத்திலும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆலை வாசலில் இருப்பவரிடம் மனு கொடுத்துப் பயனில்லை. முடிவு தலைமை அலுவலகத்தின் சிஎஸ்ஆர் குழுவில்தான். ஆனால் ஆலை மனிதவள அதிகாரியின் ஒரு பரிந்துரை வரி பெரிய உதவி. சட்டம் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. ஸ்ரீசிட்டி ஆலைக்கு ஆரம்பாக்கம் பக்கத்து ஊர்தான், ஆனாலும் வேறு மாநிலம் என்று தயங்குவார்கள். மனுவின் முதல் பக்கத்திலேயே ஆலையிலிருந்து இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தோடு போடுங்கள். முன்னுரிமை என்பது மாநில எல்லைத் தடை இல்லை.

உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் ஒன்று உண்டு; ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியாக நடக்கிறது. அறிவிப்பு வரும் காலத்தில் மட்டும்தான் மனு போடலாம், உங்கள் பங்காக உழைப்பையோ பொருளையோ காட்ட வேண்டும். ஊர் ஆட்கள் கூலியில்லாமல் உழைத்த நாள்களை இப்போதிருந்தே கையெழுத்தோடு பதிந்து வையுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தைப் புதிய அமைப்பு நினைக்கவே வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவுக்கு மூன்று ஆண்டு இருப்பும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும்; பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும். நம் ஊர் ஆட்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் ஒரு தெளிவு: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டவர் அனுப்பினால் ஆகும், அவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும். பாஸ்போர்ட் நகல் வாங்காமல் பணம் வாங்காதீர்கள்.

7. மனுவில் நடுவதைக் குறைத்து எழுதுங்கள், காப்பதைக் கூட்டி எழுதுங்கள்

கம்பெனிகளுக்கு எண்ணிக்கை பிடிக்கும். ஒரே நாளில் ஐயாயிரம் கன்று, பேனர், படம். அடுத்த மாசியில் போய்ப் பாருங்கள், ஆடு மேய்ந்த குச்சிதான் மிஞ்சும்.

அலையாத்திக்குச் செலவு நடுவதில் இல்லை. உப்புத் தண்ணீர் ஏறி இறங்க வழி வேண்டும். பிச்சாவரம், முத்துப்பேட்டை பக்கம் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித்தான் தரிசு மீண்டது. அந்த வாய்க்கால் வண்டலால் தூரும், ஆண்டுதோறும் அள்ள வேண்டும். செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று, மாட்டைத் தடுக்க ஆள், ஒதுங்கும் பிளாஸ்டிக்கை எடுக்க ஆள். உதாரணத்துக்கு 6 லட்சம் கேட்கிறீர்கள் என்றால், முதல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம், மீதி மூன்றரை அடுத்த இரண்டு ஆண்டுக்கும் என்று பிரியுங்கள். இதைச் சிஎஸ்ஆர் விதியில் "தொடர் திட்டம்" என்று கேட்கலாம். தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை நீட்டிக்க இடமுண்டு. இந்தச் சொல்லை மனுவில் போடுங்கள். போடாவிட்டால் ஓராண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்வார்கள், மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் செலவழித்துக் காட்டச் சொல்வார்கள்.

ஆடிட்டர் கட்டணம், படகு வாடகை, புகைப்பட அறிக்கை, பொருளாளரின் போக்குவரத்து எல்லாவற்றையும் பட்ஜெட்டில் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். "நாங்கள் சேவைதானே செய்கிறோம்" என்று விட்டுவிட்டால் அவை யாரோ ஒருவர் வீட்டுக் காசிலிருந்து போகும், இரண்டாம் ஆண்டில் அவர் கூட்டத்துக்கு வரமாட்டார்.

சில பணத்தை வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். பூநாரை மேயும் திறந்த சேற்றுவெளியில் கன்று நடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மரமில்லாத சேறு வீணான நிலம் இல்லை, அது பறவையின் சாப்பாட்டுத் தட்டு. ஆமை ஏறும் மணலில் சவுக்கு நடச் சொன்னாலும் அப்படியே. மணல்மேட்டைப் பிடித்து நிறுத்த அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தானாகவே வரும். வண்டி ஏறாமலும் மணல் அள்ளாமலும் பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் காவலுக்குக் கேளுங்கள் காசு.

8. எந்த மாதத்தில் எது

கம்பெனிகள் அடுத்த நிதியாண்டுத் திட்டத்தை ஜனவரி முதல் மார்ச் வரை தயாரிக்கின்றன. மனு டிசம்பருக்குள் மேசையில் இருக்க வேண்டும். மார்ச்சில் சிலர் தாங்களாகவே கூப்பிட்டு, மிச்சம் இருக்கிறது, உடனே பில் கொடுங்கள் என்பார்கள். வலை, டார்ச், மண்வெட்டி போன்ற பொருளாக வாங்கிக்கொள்ளலாம். அந்த அவசரத்தில் நடவு மட்டும் வேண்டாம்.

மண்ணின் காலம் வேறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வாய்க்கால் வேலை அதற்கு முன்பே முடிய வேண்டும். ஆமை ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஏறும், ரோந்துக் காசு டிசம்பரிலேயே கையில் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத நேரம், வாய்க்கால் வெட்ட ஆள் கிடைக்கும். முதல் தவணையை ஏப்ரலிலேயே கேளுங்கள் என்பதற்குக் காரணம் இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி முதல் தவணை வர இரண்டு மூன்று மாதம் இழுக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

9. பணம் வந்த பிறகு

திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அல்லது குறைந்தது தனிப் பேரேடு. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுக்காதீர்கள், அந்தச் செலவை வரித்துறை ஏற்காது. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கியவரின் கையெழுத்து ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் இருக்கட்டும். கூலிப் பட்டியலில் கைநாட்டு வைப்பவர் என்றால் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கு இல்லாத இருளர் குடும்பங்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பதையே திட்டத்தின் முதல் மாத வேலையாக வையுங்கள். பிறகு இந்தத் தலைவலியில் பாதி இல்லை.

படங்கள் இடக்குறியீடும் தேதியும் பதிந்தவையாக இருக்கட்டும். ஒரே இடத்தில் ஒரே திசையில் நின்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். செத்த கன்றுகளையும் எண்ணிச் சொல்லுங்கள். நூற்றுக்கு நூறு பிழைத்தது என்ற அறிக்கையை விவரம் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார். புயலில் பாதி போனது, மாற்றி நட்டோம் என்றால் நம்புவார்.

தவணை முடிந்த மாதத்துக்குள் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்புங்கள். அது போகாமல் அடுத்த தவணை வராது, அவர்களாக நினைவூட்டவும் மாட்டார்கள். தவணை தாமதமானால் காவலாளின் கூலி நிற்கக் கூடாது. அதற்காக மூன்று மாதக் கூலிக்குச் சமமான தொகையைச் சங்கத்தின் பொதுக் கணக்கில் தொடாமல் வைத்திருங்கள். எங்கள் பக்கம் ஒரு குழுவுக்கு ஆவணியில் வர வேண்டிய தவணை தையில்தான் வந்தது. இடையில் வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்தவர்கள் வெளியாட்கள் இல்லை.

சங்கத்தின் விதிமுறை நகல், கிராமசபைத் தீர்மானம், வனத்துறைக் கடிதம், 12ஏ, 80ஜி, தர்ப்பண், சிஎஸ்ஆர் எண்கள், மூன்று ஆண்டுத் தணிக்கை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக இரண்டு பேர் கைபேசியிலாவது வையுங்கள். கம்பெனியிலிருந்து அழைப்பு வெள்ளிக்கிழமை மாலை வரும், திங்கட்கிழமை காலைக்குள் கேட்பார்கள்.